வாங்கும் முன் ஸ்லாட்டைப் பாருங்கள்: கேமிங் லேப்டாப்பில் எஸ்எஸ்டி மாட்டுவது

போன கோடை விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகன் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. லேப்டாப்போடு வந்த 512 ஜிபி சேமிப்பிடம் நிறைந்துபோய், பண்டிகைக்கு வந்த பணத்தையெல்லாம் சேர்த்து ஒரு எஸ்எஸ்டி, அதாவது ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ், வாங்கியிருக்கிறான். வீடியோ பார்த்து அவனே கழற்றி, அவனே மாட்டியும் விட்டான். சூயிங்கம் பட்டை போல இருக்கும் அந்தச் சின்னப் பலகை ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஸ்க்ரூவும் சரியாக ஏறியிருந்தது. ஆனால் விண்டோஸில் புது டிரைவைக் காணோம். விண்டோஸுக்கு முன்னால் விழிக்கும் பயாஸ் அமைப்பிலும் இல்லை.

"செத்த பீஸைத் தலையில கட்டிட்டாங்க மாமா."

கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தங்க நிறப் பற்கள் இருக்கும் ஓரத்தில் இரண்டு வெட்டுகள். ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் 'சாட்டா' என்று போட்டிருந்தது.

"பீஸ் நல்லாத்தான்டா இருக்கு. உன் லேப்டாப்புக்கு இது பேசுற பாஷை தெரியாது."

கடைக்காரர் நல்ல மனிதர். வித்தியாசத் தொகையை வாங்கிக்கொண்டு வேறு மாற்றிக் கொடுத்துவிட்டார். ஆன்லைனில் வாங்கி, கவரைக் கிழித்தும் போட்டிருந்தால் இது அவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது. அவன் பயந்ததெல்லாம் லேப்டாப்பைத் திறக்கத்தான். திறப்பது இருபது நிமிட வேலை. பணமும் ஃபைலும் போவது அதற்கு முன்னால் எதை வாங்குகிறோம், அதற்குப் பின்னால் எதை அழிக்கிறோம் என்ற இரண்டு இடங்களில். அதனால் அந்த இரண்டையும் இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எஸ்எஸ்டி ஏன் வேகமாக இருக்கிறது?

பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டுகள் சுழன்றுகொண்டே இருக்கும். ஒரு கை நகர்ந்து போய் தகவலை எடுக்கும். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது நொடிக்கு 90. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி ஆகிறது. நாம் கேட்கும் தகவல் கைக்கு நேராக வந்து நிற்கவே சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். கை நகரும் நேரத்தையும் சேர்த்தால், அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளில் நொடிக்கு நூறைக்கூட எடுக்க முடியாது. கேம் திறக்கும்போது கம்ப்யூட்டர் கேட்பதோ இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான துண்டுகளைத்தான்.

எஸ்எஸ்டியில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. நாட்டு மருந்துக் கடையில் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறை இருக்குமே, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். திப்பிலி எந்த அறை, அதிமதுரம் எந்த அறை என்று கடைக்காரருக்குத் தெரியும். எந்த அறையை இழுத்தாலும் ஒரே நேரம்தான். எஸ்எஸ்டியில் கடைக்காரர் வேலையைப் பார்ப்பது கன்ட்ரோலர் என்ற சிப். இழுப்பறைகள் நாண்ட் ஃபிளாஷ் என்ற சிப்புகளுக்குள் இருக்கின்றன. ஒவ்வொரு அறையும் மின்னூட்டத்தைச் சிறைபிடித்து வைத்துக்கொள்வதால், கரண்ட் போனாலும் தகவல் போவதில்லை. இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா. ஃபிளாஷ் நினைவகத்தை 1984-லும், அதில் நாண்ட் வகையை 1987-லும் உலகுக்கு முன்வைத்தார். ஒரு பெரிய பகுதியையே ஒரே வீச்சில் அழிக்க முடிந்தது. அது கேமரா ஃபிளாஷ் போல இருக்கிறது என்று கூட வேலை பார்த்த ஒருவர் சொன்னதால் வந்த பெயர் அது. இன்று நம் போன், மெமரி கார்டு, பென் டிரைவ் எல்லாவற்றுக்கும் அதுவே அடித்தளம்.

கேம் ஆடுகிறவர்கள் எஸ்எஸ்டியிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற கணக்கு, ஏறாது. அது கிராஃபிக்ஸ் கார்டும் பிராசஸரும் செய்கிற வேலை. 60 எஃப்பிஎஸ் தருகிற லேப்டாப்பில் எவ்வளவு விலையுயர்ந்த எஸ்எஸ்டி போட்டாலும் 60-தான் வரும். குறைவது லோடிங் நேரம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மாறுகிறவர்களுக்கு இன்னொன்றும் கிடைக்கும்: பெரிய ஓப்பன் வேர்ல்டு கேமில் வண்டியை விரட்டும்போது கட்டடங்கள் தாமதமாக முளைப்பதும், படம் ஒரு நொடி திக்கி நிற்பதும் போய்விடும். 2020-இல் வந்த கேமிங் கன்சோல்கள் உள்ளேயே எஸ்எஸ்டியோடு வந்ததிலிருந்து, கேம் எழுதுகிறவர்களும் எஸ்எஸ்டி இருக்கும் என்று நம்பியே எழுதுகிறார்கள். பால்டர்ஸ் கேட் 3 போன்றவை தேவைப் பட்டியலிலேயே எஸ்எஸ்டி வேண்டும் என்று கேட்கின்றன. அதற்கு இடம் 150 ஜிபி. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கும் 150. விண்டோஸையும் இந்த இரண்டையும் போட்டால் 512 ஜிபியில் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வடிவம், பாதை, பாஷை

என் மருமகன் சறுக்கிய இடம் இது. கடையில் 'எம்.2 எஸ்எஸ்டி' என்று கேட்டான், எம்.2 எஸ்எஸ்டி கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் தப்பில்லை. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும்தான். அந்த வடிவத்துக்குள் இரண்டு வேறு வேறு சாதனங்கள் இருக்கலாம்.

வடிவத்தை முதலில் பார்ப்போம். எம்.2 பலகையின் அளவை 2280, 2242, 2230 என்று எழுதுவார்கள். முதல் இரண்டு இலக்கம் அகலம், 22 மில்லிமீட்டர். அடுத்த இரண்டும் நீளம்: 80, 42, 30 மில்லிமீட்டர். கேமிங் லேப்டாப்புகளில் அதிகம் புழங்குவது 2280. ஆனால் சில லேப்டாப்புகளில் ஒரு ஸ்லாட் 2280-க்கும் இன்னொன்று 2242-க்கும் இருக்கும். பலகையின் மறுமுனையை ஸ்க்ரூ போட்டுப் பிடிக்க மதர்போர்டில் ஒரு சின்னப் பித்தளைத் தூண் நிற்கும். அது எந்தத் தொலைவில் இருக்கிறதோ அதுதான் உங்கள் அளவு.

அடுத்தது பாதை. தகவல் எஸ்எஸ்டியிலிருந்து பிராசஸருக்குப் போக இரண்டு பாதைகள் உண்டு. சாட்டா என்பது ஹார்ட் டிஸ்க் காலத்தில் போட்ட பாதை. அதில் நடைமுறையில் நொடிக்கு 550 எம்பி வரை வரும், அதற்கு மேல் இடமில்லை. பிசிஐஇ என்பது கிராஃபிக்ஸ் கார்டு பயன்படுத்துகிற அதே அகலப் பாதை. எஸ்எஸ்டிக்கு அதில் வழக்கமாக நான்கு வழித்தடங்கள் ஒதுக்குவார்கள். மூன்றாம் தலைமுறைப் பிசிஐஇ என்றால் நொடிக்கு ஏறத்தாழ 3500 எம்பி, நான்காம் தலைமுறை என்றால் 7000 எம்பி வரை.

மூன்றாவது பாஷை. சாட்டா டிரைவ்கள் ஏஹெச்சிஐ என்ற பழைய பாஷை பேசும். தட்டு சுழன்று வரும் வரை காத்திருக்கப் பழகிய பாஷை அது. ஒரே ஒரு வரிசை, அதில் 32 கட்டளை வரைதான் நிற்கலாம். பிசிஐஇ பாதையில் போகிற இன்றைய டிரைவ்கள் பேசுவது என்விஎம்இ. ஃபிளாஷ் சிப்புக்கென்றே உருவாக்கி 2011-இல் வெளியிட்டது. அதில் 64 ஆயிரம் வரிசைகள் வரை திறக்கலாம், ஒவ்வொன்றிலும் 64 ஆயிரம் கட்டளைகள் நிற்கலாம். ரேஷன் கடையில் ஒரே ஒரு ஜன்னல் இருப்பதற்கும், வருகிற ஆளுக்கெல்லாம் ஒரு ஜன்னல் திறந்து வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் கடையில் யாரும் உங்களைக் குழப்ப முடியாது. என்விஎம்இ மட்டும் தெரிந்த எம்.2 ஸ்லாட்டில் சாட்டா எம்.2 எஸ்எஸ்டி நன்றாகவே நுழையும், ஆனால் பேச்சுவார்த்தை நடக்காது. சில ஸ்லாட்டுகளுக்கு இரண்டு பாஷையும் தெரியும். பற்களின் ஓரத்தில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் என்விஎம்இ என்று ஓர் அடையாளம் உண்டு. இரண்டு வெட்டோடு வந்த பழைய என்விஎம்இ டிரைவ்களும் இருப்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்; ஸ்டிக்கரைப் படியுங்கள்.

தலைமுறை விஷயத்தில் கவலையே தேவையில்லை. நான்காம் தலைமுறை டிரைவை மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் போட்டால் அந்த ஸ்லாட்டின் வேகத்தில் ஓடும், அவ்வளவுதான். கேம் லோடிங்கில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றிரண்டு நொடி. பல கேம்களில் அதுகூட இல்லை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்குத் தாவுவதுதான் பெரிய தாவல். மாணவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, வேகத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை இடத்துக்குக் கொடுங்கள் என்பதே. வேகமான 512 ஜிபியைவிடச் சாதாரண 1 டிபி உங்களுக்கு அதிகம் உதவும்.

உங்கள் ஸ்லாட் எது என்று தெரிந்துகொள்ள லேப்டாப்பின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் முழு மாடல் எண்ணைப் பாருங்கள். விளம்பரப் பெயர் போதாது. ஒரே பெயரில் வருடத்துக்கு ஒரு மதர்போர்டு வரும். அந்த எண்ணை வைத்து நிறுவனத்தின் சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள். ஹெச்பி, டெல், லெனோவோ மூன்றும் ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்பது வரை படம் போட்ட மேனுவலை இலவசமாகவே தருகின்றன. லெனோவோவுக்குப் பிஎஸ்ஆர்இஎஃப் என்று தனித் தளமே உண்டு, எத்தனை எம்.2 ஸ்லாட், என்ன நீளம், எந்தத் தலைமுறை என்று அங்கே வரிவரியாகக் கிடைக்கும். ஒரே மாடலுக்குள்கூட வித்தியாசம் வரும். 2020-இல் வந்த லெனோவோ லீஜன் 5-இல் சின்ன பேட்டரி போட்டதில் 2.5 அங்குல டிரைவுக்கு (பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க் வடிவம்) இடம் இருக்கும். பெரிய பேட்டரி போட்டதில் அந்த இடத்தைப் பேட்டரியே எடுத்துக்கொண்டிருக்கும். வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால், மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்று கஸ்டமர் கேருக்கு ஒரு மெயில் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவது?

டிஎல்சி, க்யூஎல்சி என்று இரண்டு வார்த்தைகளைப் பார்ப்பீர்கள். ஃபிளாஷின் ஒவ்வொரு அறையிலும் எவ்வளவு தகவலை அடைக்கிறார்கள் என்பதைச் சொல்பவை அவை; அறையை ஒரு டம்ளராக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளரில் எட்டுக் கோடு போட்டு, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று படிப்பது டிஎல்சி. அதே டம்ளரில் பதினாறு கோடு போட்டுப் படிப்பது க்யூஎல்சி. கோடு நெருங்க நெருங்க ஒரே டம்ளரில் அதிகத் தகவல் அடங்கும், விலை குறையும். ஆனால் நிதானமாக ஊற்ற வேண்டும், சீக்கிரம் தேயும். கேம்களை வைக்க மட்டும் இரண்டாவது டிரைவ் என்றால் க்யூஎல்சி போதும், ஏனென்றால் கேம் ஒரு தடவை எழுதப்பட்டுப் பல தடவை படிக்கப்படுகிறது. விண்டோஸும் அதிலேயே ஓட வேண்டும் என்றால் டிஎல்சி பார்த்து வாங்குங்கள்.

தேய்மானத்தை நினைத்து நிறைய பேர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். பெட்டியில் டிபிடபிள்யூ என்று ஓர் எண் இருக்கும். மொத்தம் எத்தனை டெராபைட் எழுதும் வரை வாரண்டி என்று பொருள். சாம்சங் 970 ஈவோ பிளஸ் 1 டிபிக்கு அது 600. தினமும் 50 ஜிபி எழுதினாலும் 12,000 நாள் வருகிறது, முப்பது வருடத்துக்கு மேல். அதற்குள் லேப்டாப் நான்கு மாறியிருக்கும்.

சூட்டை இழுக்கும் அலுமினிய ஹீட்சிங்க் ஒட்டி வரும் டிரைவ் டெஸ்க்டாப்புக்கு உரியது. லேப்டாப்பில் மூடி மூடாது. பலகையின் ஒரு பக்கம் மட்டும் சிப் இருக்கும் டிரைவாகப் பாருங்கள். இரண்டு பக்கமும் இருந்தால் சில ஒல்லி லேப்டாப்புகளில் அடியில் இடிக்கும். நம்ப முடியாத விலைக்கு நம்ப முடியாத கொள்ளளவு என்று வருவதைத் தொடவே தொடாதீர்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிகள் அவை. முதலில் எழுதியது இருக்கும், உண்மையான இடம் தீர்ந்த பிறகு எழுதியது காணாமல் போகும்.

திறக்கும் முன்

முக்கியமான ஃபைல்களை வேறொரு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். இதைப் பிறகு பார்க்கலாம் என்று யாரும் தாண்டிப் போக வேண்டாம். பிராஜெக்ட் ரிப்போர்ட்டை இழந்த பையன்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பிட்லாக்கர், விண்டோஸ் டிரைவுக்குப் போடும் பூட்டு. விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் உங்களைக் கேட்காமலேயே டிரைவ் பூட்டப்பட்டிருக்கும். செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று தேடிப் பாருங்கள். ஆன் ஆகியிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்ட பிறகுதான் ஸ்க்ரூடிரைவரைத் தொட வேண்டும். பயாஸில் ஏதாவது மாறினால் லேப்டாப் அந்த எண்ணைக் கேட்டு நின்றுவிடும்.

அணைக்கும்போது ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். விண்டோஸின் வழக்கமான ஷட் டவுன் பாதித் தூக்கம்தான். ஷிஃப்ட்டோடு கொடுத்தால் முழுசாக அணையும். சார்ஜரையும் பிடுங்கிவிடுங்கள்.

இனி ஸ்க்ரூடிரைவர்

பெரும்பாலான லேப்டாப்புகளுக்குச் சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும். முனை ஸ்க்ரூவின் தலையில் ஆடாமல் பொருந்த வேண்டும். பொருந்தாததை வைத்துத் திருகினால் தலை மழுங்கி, பிறகு எதற்கும் பிடிகொடுக்காது.

அடிமூடியில் பத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூ இருக்கும். எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டை இடத்தில் திருகினால் அது மேல்பக்கம் கீபோர்டு வரை முட்டும். நான் பணியாரச் சட்டியை எடுத்து வைத்துக்கொள்வேன். லேப்டாப்பின் மேல்வரிசை ஸ்க்ரூக்கள் சட்டியின் மேல் குழிகளில், கீழ்வரிசை கீழ்க் குழிகளில். எந்த இடத்தில் கழற்றினேனோ அதே இடத்தின் குழி. அக்கா முதலில் முறைத்தாள். கடைசியில் ஒரு ஸ்க்ரூகூட மிஞ்சாமல் ஏறியதைப் பார்த்து அவளே கழுவி எடுத்து வைத்தாள்.

ஸ்க்ரூ போன பிறகும் மூடி வராது. ஓரம் சுற்றிப் பிளாஸ்டிக் கொக்கிகள் பிடித்திருக்கும். கத்தியோ இரும்பு ஸ்க்ரூடிரைவரோ வைத்து நெம்பாதீர்கள். பழைய சிம் கார்டு வந்த அட்டை, காலாவதியான ஏடிஎம் கார்டு இதற்குப் போதும். மேனுவல் சொல்லும் மூலையில் ஆரம்பித்து அட்டையை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால் 'டக், டக்' என்று ஒவ்வொரு கொக்கியாக விடும். முதல் தடவை கேட்கும்போது உடைகிற சத்தம் போலத்தான் இருக்கும். ஓர் இடத்தில் அளவுக்கு மீறி இறுக்கினால் பலத்தைக் கூட்டாமல், விட்டுப்போன ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் காலுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும்.

மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. லேப்டாப் அணைந்திருந்தாலும் மதர்போர்டில் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கனெக்டரின் இரண்டு காதுகளையும் நகத்தால் பிடித்து, மேனுவலில் காட்டிய திசையில் நகர்த்துங்கள். சிலது மேலே வரும், சிலது பலகையோடு பலகையாக வழுக்கி வரும். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கழற்றியதும் பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும். உங்கள் உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் போக, ஜன்னல் கம்பி போன்ற ஏதாவது உலோகத்தை ஒரு தடவை தொடுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் இந்த ஆபத்து குறைவு. ஏசி அறையில் பாலியஸ்டர் சட்டையோடு உட்கார்ந்திருந்தால் அவ்வளவு குறைவு இல்லை.

இனி எஸ்எஸ்டியை எடுங்கள். ஓரத்தில் பிடியுங்கள், பற்களில் விரல் படக் கூடாது. வெட்டும் ஸ்லாட்டின் மேடும் நேராக இருக்கிறதா என்று பார்த்து, பலகையை 30 பாகை சாய்த்து உள்ளே தள்ளுங்கள். நேராகத் தள்ளினால் போகாது. சரியாக உட்கார்ந்துவிட்டால் தங்கப் பற்கள் கிட்டத்தட்ட முழுசாக மறைந்திருக்கும். கையை எடுத்தால் பலகை சாய்ந்தபடியே தூக்கி நிற்கும். அது அப்படித்தான் நிற்க வேண்டும். மறுமுனையை ஒரு விரலால் படுக்கவைத்து ஸ்க்ரூவைப் போடுங்கள். அந்த ஸ்க்ரூ அரிசி மணி அளவுதான். இறுக்கம் வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

ஸ்லாட்டின் மேல் தெர்மல் பேடு (சூட்டைக் கடத்தும் மெத்தைத் துண்டு) இருந்தால் அதன் மேலிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். எஸ்எஸ்டியின் ஸ்டிக்கரை மட்டும் உரிக்க வேண்டாம். வாரண்டி அதில்தான் இருக்கிறது, சிலவற்றில் சூட்டைப் பரப்புவதும் அதே ஸ்டிக்கர்தான்.

பேட்டரியைத் திரும்ப மாட்டி, மூடியை அழுத்தி, பணியாரச் சட்டியைக் காலி செய்யுங்கள். பவர் பட்டனை அழுத்தியும் லேப்டாப் அசையவில்லை என்றால் பதற வேண்டாம். பேட்டரியைக் கழற்றி மாட்டிய லேப்டாப்புகள் பல, சார்ஜரைச் செருகினால்தான் கண் திறக்கும்.

டிரைவ் வந்தது, இடம் எங்கே?

இரண்டாவது டிரைவாகப் போட்டவர்கள் 'திஸ் பிசி'யைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லையே என்பார்கள். புது டிரைவ் கோடு போடாத நோட்டு. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால், இனிஷியலைஸ் செய்யட்டுமா என்று கேட்கும். டிரைவைப் பிரித்துக் குறித்து வைக்கும் முறை எது என்றும் கேட்கும்; ஜிபிடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். எம்பிஆர் பழைய முறை, 2 டிபிக்கு மேல் பார்க்காது. பிறகு 'அன்அலோகேட்டட்' என்ற கறுப்புப் பட்டையில் ரைட் கிளிக், 'நியூ சிம்பிள் வால்யூம்', ஃபைல் சிஸ்டம் கேட்டால் என்டிஎஃப்எஸ். கை வைப்பது புது டிரைவிலா என்று அளவைப் பார்த்து இரண்டு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். 1 டிபி வாங்கியது 931 ஜிபி என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது.

கேம் வாங்கும் தளமான ஸ்டீமில் செட்டிங்ஸுக்குள் ஸ்டோரேஜ் பக்கத்தில் புது டிரைவைச் சேர்த்தால், ஏற்கெனவே இருக்கும் கேமை மறுபடி டவுன்லோடு செய்யாமல் அப்படியே நகர்த்தலாம். 150 ஜிபி டவுன்லோடு மிச்சம்.

ஒரே ஸ்லாட் உள்ள லேப்டாப்பில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுகிறவர்களுக்கு இரண்டு வழி. யுஎஸ்பி என்க்ளோஷர், அதாவது டிரைவை வெளியிலிருந்து இணைக்கும் கூடு, வாங்கி, புது டிரைவை அதில் போட்டு, பழையதை அப்படியே குளோன் (முழு நகல்) செய்து பிறகு மாட்டுவது ஒன்று. விண்டோஸைப் புதிதாகப் போடுவது இன்னொன்று. நான் இரண்டாவதற்கே ஓட்டுப் போடுவேன். பல வருடக் குப்பையைப் புது வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. லேப்டாப்போடு விண்டோஸ் வந்திருந்தால் லைசன்ஸ் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், இன்டர்நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றும், மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலும் போதும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல லேப்டாப்புகளில் விண்டோஸ் போடும்போது டிரைவ் பட்டியல் காலியாக இருக்கும். டிரைவ் கெட்டுப்போகவில்லை, விஎம்டி என்ற இன்டெல் அமைப்பு அதை மறைத்து வைத்திருக்கிறது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் ஆர்எஸ்டி டிரைவர் என்ற உதவி மென்பொருளை இறக்கி, அதே பென் டிரைவில் பிரித்துப் போட்டு, 'லோட் டிரைவர்' கொடுத்தால் டிரைவ் தெரியும். பயாஸில் விஎம்டியை அணைத்தும் செய்யலாம். ஏசரின் சில மாடல்களில் பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல், எஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் அந்த வரியே கண்ணில் படும். ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் விஎம்டியைச் சும்மா அணைத்துப் பார்க்காதீர்கள். நீல ஸ்கிரீன் வந்து நிற்கும், திரும்ப ஆன் செய்தால்தான் விண்டோஸ் வரும்.

முதல் வாரம் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ஒரு மணி நேரம் கேம் ஆடிவிட்டு டிரைவின் சூட்டைப் பாருங்கள். 50, 60 டிகிரி என்பது கேமிங் லேப்டாப்புக்குள் சாதாரணம். 80-ஐ நெருங்கினால் டிரைவ் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தெர்மல் பேடு தொடுகிறதா, மெத்தை மேல் வைத்து ஆடுகிறீர்களா என்று பார்க்க வேண்டும்.

கழற்றிய பழைய டிரைவை ஒரு மாதமாவது அழிக்காமல் வையுங்கள். எதையோ எடுக்க மறந்தது அதற்குள் நினைவுக்கு வந்துவிடும். பிறகு என்க்ளோஷரில் போட்டால் அதுவே நல்ல வேகமான எக்ஸ்டர்னல் டிரைவ். மருமகன் இப்போது கல்லூரிப் பாடங்களை அதில்தான் வைத்திருக்கிறான். வருடக்கணக்கில் அலமாரியில் பூட்டி வைக்க மட்டும் அது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மின்சாரமே காட்டாமல் கிடந்தால் அறைகளில் பிடித்து வைத்த மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசிந்துவிடும்.